ஸ்டேப்ளர் மூல அறுவை: ஆறாவது வாரத்துக்குப் பிறகு

2024 பிப்ரவரி 5, திங்கள்

ஐந்து ஆண்டுகளுக்கு முன்போ அதற்கும் முன்போ ஸ்டேப்ளர் முறையில் மூல அறுவை செய்துகொண்டவர்களைத் திரும்ப அழைத்துப் பார்க்கும் பணியை எங்கள் பிரிவு இன்று தொடங்கியது. பழைய கோப்புகளைப் புரட்டியபோது, அவற்றில் பெரும்பாலானவை ஆறாவது வாரத்தோடு முடிந்துவிடுவது கண்ணில் பட்டது. "வலி இல்லை, ரத்தப்போக்கு இல்லை, வேலைக்குத் திரும்பிவிட்டார்" என்ற வரியோடு மருத்துவரின் கையொப்பம் இருக்கிறது. அதற்கு அப்பால் எதுவும் எழுதப்படவில்லை. திரும்பி வராத நோயாளி நலமாக இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் அறுவை மருத்துவர்களாகிய எங்களுக்கு உண்டு. ஆனால் அவர் வேறொரு மருத்துவரிடம் போயிருக்கலாம். வெளியே சொல்லக் கூச்சப்பட்டுத் தொல்லையைப் பொறுத்துக்கொண்டும் இருக்கலாம். மூலநோயில் இந்த இரண்டாவது வகையினர் அதிகம் என்பது வெளிநோயாளர் பிரிவில் உட்கார்ந்தவர் எவருக்கும் தெரியும்.

முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆசனவாய்க்குள் இயல்பாகவே மெத்தென்ற ரத்தக்குழாய்த் திண்டுகள் இருக்கின்றன. அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் திசு தளர்ந்து, திண்டுகள் கீழே சரிவதே மூலம் என்ற விளக்கத்தை 1975இல் தாம்சன் முன்வைத்தார். 1937இல் வந்த மில்லிகன்-மார்கன் அறுவையும் 1959இல் வந்த ஃபெர்குசன் அறுவையும் அந்தத் திண்டுகளையே வெட்டி எடுப்பவை. இத்தாலிய அறுவை மருத்துவர் அந்தோனியோ லாங்கோ 1998இல் ரோம் மாநாட்டில் விவரித்த முறை வேறு வழியில் போகிறது. திண்டுகளுக்கு மேலே, மலக்குடலின் உட்புறச் சளிச்சவ்வில் சுற்றிலும் தையலோட்டி, சுருக்குப் பையின் வாயை இழுப்பதுபோல் நூலை இறுக்கி, உருளை வடிவ ஸ்டேப்ளருக்குள் அந்தச் சவ்வை இழுத்துக்கொள்கிறோம். கருவியை இயக்கியதும் வளையம் போன்ற ஒரு பட்டை வெட்டப்பட்டு, வெட்டிய இரண்டு விளிம்புகளும் நுண்ணிய டைட்டானிய ஊசிகளால் இணைக்கப்படுகின்றன. சரிந்த திண்டுகள் மேலே இழுக்கப்படுகின்றன, அவை அகற்றப்படுவதில்லை. வெட்டும் இடம் வலியை உணரும் தோலுக்கு மேலே இருப்பதால் முதல் வாரங்களின் வேதனை வெகுவாகக் குறைகிறது.

திண்டு அப்படியே இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இனி வரும் பக்கங்களில் நான் எழுதப்போவது எதுவும் வியப்பாக இராது.

2024 பிப்ரவரி 7, புதன்

இன்று வந்தவர்களில் ஒருவர் எட்டு ஆண்டுகளுக்கு முன் அறுவை செய்துகொண்டவர். "மூலம் திரும்ப வந்திருக்கிறதா?" என்று பயிற்சி மருத்துவர் கேட்டதற்கு, "இல்லைங்க டாக்டர், ஆபரேஷன் ரொம்ப நல்லா இருந்துச்சு, மறுநாளே நடந்தேன்" என்று அவர் மலர்ந்த முகத்தோடு சொன்னார். படிவத்தில் "மறுபடி வரவில்லை" என்ற கட்டத்தில் குறி விழவிருந்த நேரத்தில், மலம் கழித்த பிறகு எதையாவது கையால் உள்ளே தள்ள வேண்டியிருக்கிறதா என்று நான் கேட்டேன். "அது எப்பவாச்சும் கொஞ்சம் சதை வரும், தள்ளிவிட்டா போயிடும்" என்றார். எப்போதாவது என்றால் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று மேலும் கேட்டபோது, வாரத்தில் பாதி நாள் என்று தெரிந்தது.

பரிசோதனையில், அவர் முக்கியபோது வலது முன்புறத் திண்டு ஆசனவாய்க்கு வெளியே நன்றாகத் தெரிந்தது. விரலால் தள்ளினால் உள்ளே போனது. மருத்துவ வகைப்பாட்டில் இது மூன்றாம் நிலை மூலம். விரலை உள்ளே விட்டுப் பார்த்தபோது ஸ்டேப்ளர் கோடு மெல்லிய வரம்பாகத் தட்டுப்பட்டது. பின்புறம் அது இருக்க வேண்டிய உயரத்தில் இருந்தது, முன்புறம் சற்று மேலே ஏறியிருந்தது. சரிவு திரும்பிய திசையும் அந்த முன்புறமே. ஒருவரை மட்டும் வைத்துக் காரணம் சொல்லிவிட முடியாது என்றாலும், கோட்டின் உயரத்தை நான்கு திசைகளிலும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று படிவத்தில் ஓர் இடம் சேர்த்தேன்.

அவர் பொய் சொல்லவில்லை. அறுவைக்கு முன் அவருக்குத் தினமும் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. அது நின்றுபோனதால் தமக்குக் குணமாகிவிட்டது என்று அவர் கருதுகிறார். அவருடைய மனநிறைவையும் எங்கள் பரிசோதனை முடிவையும் ஒரே கட்டத்தில் அடைக்க முயன்றால் இரண்டில் ஒன்று காணாமல் போகும்.

2024 பிப்ரவரி 8, வியாழன்

அறுவையன்றே முழுமையாக மேலேறாத திண்டும், முழுமையாக மேலேறிப் பிறகு ஆண்டுகள் கழித்து இறங்கிய திண்டும் ஒன்றல்ல. முன்னது எஞ்சிய நோய். பின்னது மீண்டும் வந்த நோய். மூன்றாம் மாதம் ஒரு பரிசோதனைக் குறிப்பு இருந்தால் இரண்டையும் பிரித்துவிடலாம். எங்கள் கோப்புகளில் பெரும்பாலும் அது இல்லை. இன்றைய பொழுது இதிலேயே போனது.

2024 பிப்ரவரி 14, புதன்

வெளிநோயாளர் பிரிவு இல்லாத நாள். ஆய்வுக் கட்டுரைகளை வரிசைப்படுத்தி உட்கார்ந்தேன்.

தொடக்கக் காலச் சோதனைகள் சிறியவை. 2000இல் லான்செட் இதழில் வந்த ஒன்றில் மொத்தம் 40 பேர்தான். வலி குறைவு, வேலைக்குத் திரும்புவது விரைவு என்பவையே அக்காலத்துச் சோதனைகளின் முக்கியக் கண்டுபிடிப்புகள். அவை இன்றுவரை மறுக்கப்படவும் இல்லை. பெரிய பல சோதனைகளிலும் முதல் வாரங்களின் வலி ஸ்டேப்ளர் தரப்புக்கே சாதகமாக இருக்கிறது. கணக்கு மாறுவது காலம் நீளும்போதுதான்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2006இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், ஸ்டேப்ளர் குழுவின் 269 பேரில் 23 பேருக்கு மூலம் திரும்பியிருந்தது. வெட்டி எடுக்கும் வழக்கமான அறுவைக் குழுவின் 268 பேரில் 4 பேருக்கு மட்டுமே திரும்பியிருந்தது. சதை வெளித்தள்ளும் தொல்லையும், மீண்டும் ஓர் அறுவை தேவைப்படுவதும் ஸ்டேப்ளர் குழுவில் கூடுதலாக இருந்தன. இந்தப் படம் தெரிந்த பிறகும், சிகிச்சை முறைகளை மதிப்பிட்டுப் பரிந்துரைக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2007இல் ஸ்டேப்ளர் முறையை ஒரு தெரிவாக ஏற்றுக்கொண்டது. அதை முரண்பாடு என்று நான் கருதவில்லை. முதல் மாத வலிக்கும் பிந்தைய ஆண்டுகளின் சரிவுக்கும் இடையே எதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதில் நியாயமானவர்கள் வேறுபடலாம். குறைந்தது 12 மாதம் பின்தொடர்ந்த 15 சோதனைகளின் 1,201 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த 2009ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வும், திரும்ப வரும் வாய்ப்பு கூடுதல் என்பதை ஏற்று, அதைப் பொறுத்துக்கொள்வதா என்ற முடிவை நோயாளியின் கையில் விட்டது.

இந்த இரண்டு அறுவைகளையும் ஒப்பிட்டு 2016இல் லான்செட் இதழில் வெளிவந்த ஈதாஸ் சோதனைதான் என்னைப் பொறுத்தவரை தராசை ஒரு பக்கம் சாய்த்தது. பிரிட்டனின் 32 மருத்துவமனைகளில் 777 பேரைச் சேர்த்து, 24 மாதங்கள் பின்தொடர்ந்தார்கள். அந்தக் காலம் முழுவதற்குமான வாழ்க்கைத் தர மதிப்பெண் வெட்டி எடுத்தவர்களுக்கே கூடுதலாக அமைந்தது. முதல் வாரங்களில் அவர்கள் பட்ட கூடுதல் வலியையும் சேர்த்துக் கணக்கிட்டும் இந்த முடிவு வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 24ஆம் மாதத்தில் மூலத் தொல்லை திரும்பியவர்கள் ஸ்டேப்ளர் குழுவில் 42 விழுக்காடு, மற்றக் குழுவில் 25 விழுக்காடு. செலவும் ஸ்டேப்ளர் தரப்பில்தான் அதிகம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. காக்ரேன் தொகுப்பில் ஸ்டேப்ளர் தரப்பின் எண் ஒன்பது விழுக்காட்டைத் தொடவில்லை. ஈதாஸில் அது 42. பத்தாண்டுகளில் அறுவை மருத்துவர்களின் கைத்திறன் சீரழிந்துவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. ஈதாஸ் சோதனை, நோயாளிகளே நிரப்பிய வினாத்தாள்களைப் பெரிதும் நம்பியது; அரிப்பும் கசிவும் சிறு ரத்தத் துளியும் நோயாளியின் கணக்கில் மூலம்தான். வெட்டி எடுத்தவர்களிலேயே நான்கில் ஒருவர் திரும்பி வந்தது என்று சொல்வதை வைத்தே கேள்வியின் வலை எவ்வளவு அகலமானது என்று புரிந்துகொள்ளலாம். ஆகவே விழுக்காடுகளை ஆய்வுக்கு ஆய்வு ஒப்பிடுவதில் பொருளில்லை. ஒவ்வோர் ஆய்வுக்குள்ளும் இரண்டு குழுக்களுக்கு இடையே உள்ள இடைவெளி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தால், அது ஒரே பக்கமாகத்தான் இருக்கிறது.

2024 பிப்ரவரி 19, திங்கள்

திரும்பிவரும் சதையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இன்னொரு தொல்லை மறைந்துபோகும். இன்று வந்த அம்மாவுக்குத் துளியும் சரிவில்லை. ஸ்டேப்ளர் கோடு சுற்றிலும் சீராக இருந்தது. ஆசனவாய்க்குள் விட்டுப் பார்க்கும் குழாயான புராக்டோஸ்கோப்பில் பார்த்தால் பாடப்புத்தகத்தில் போடத்தக்க முடிவு. ஆனால் மல உணர்வு வந்தால் அவரால் சில நிமிடங்கள்கூட அடக்க முடிவதில்லை. "எங்க போனாலும் முதல்ல கழிவறை எங்கன்னு பார்த்து வச்சுக்குவேன் சார், பஸ் பயணத்தையே விட்டுட்டேன்" என்றார். அறுவைக்குப் பின் சில மாதங்கள் இப்படி இருக்கும் என்று அவரிடம் சொல்லியிருந்தார்களாம். அவர் காத்திருந்தார், காத்திருந்து பழகியும் போனார்.

சில மாதங்களில் தணிந்துவிடும் என்பது பெரும்பாலோருக்கு உண்மைதான். மலக்குடலின் கீழ்ப்பகுதி சேமிப்புப் பையாக விரிந்து கொடுக்க வேண்டும். அங்கே சுற்றிலும் ஒரு தழும்பு வளையம் விழும்போது விரியும் தன்மை குறைகிறது, சிறிதளவு மலம் வந்தாலும் உடனடி அவசரம் உண்டாகிறது. தழும்பு முதிர்ந்து இளகும்போது அது தணிகிறது. ஆனால் தணியாத சிலர் இருக்கிறார்கள் என்ற எச்சரிக்கை தொடக்கத்திலேயே வந்துவிட்டது. சிறு சோதனைகள் ஸ்டேப்ளரைப் பாராட்டிய அதே 2000ஆம் ஆண்டில், அதே லான்செட்டில், 16 பேரில் 5 பேருக்கு நீங்காத வலியும் மல அவசரமும் ஏற்பட்டதாக ஒரு குழு எழுதியது. வெட்டி எடுக்கப்பட்ட வளையத்தில் தசை இழைகள் இருந்தது ஒரு காரணமாகச் சந்தேகிக்கப்பட்டது. சுருக்குத் தையலின் ஊசி சளிச்சவ்வையும் அதற்குக் கீழுள்ள அடுக்கையும் மட்டுமே பிடிக்க வேண்டும். சற்று ஆழமாகப் போனால் மலக்குடல் தசையும் சேர்ந்து வரும். வெட்டி எடுத்த வளையத்தை மேசைமேல் விரித்துவைத்து, அதன் பின்புறத்தைத் தடவிப் பார்க்காமல் கையுறையைக் கழற்றக் கூடாது என்று பயிற்சி மருத்துவர்களிடம் நான் சொல்வது இதனால்தான். பளபளப்பான சவ்வுக்குப் பின்னால் சிவந்த நார்கள் தட்டுப்பட்டால், அதைக் கோப்பில் எழுதிவைக்க வேண்டும்.

இருந்தாலும் இந்த அம்மாவின் தொல்லைக்கு ஸ்டேப்ளரை மட்டும் குற்றம் சொல்லிவிட மாட்டேன். பிள்ளைப்பேற்றின்போது ஆசனவாயை மூடிவைக்கும் சுருக்குத்தசை கிழிந்திருக்கலாம். குடல் அழற்சி இருக்கலாம். தசையின் அழுத்தத்தை அளக்கவும், ஆசனவாய் வழியாக அல்ட்ராசவுண்ட் எடுக்கவும், பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி செய்யவும் எழுதிக்கொடுத்தேன். இடுப்புத்தளத் தசைப் பயிற்சி அதற்கிடையே தொடங்கட்டும்.

2024 பிப்ரவரி 22, வியாழன்

விட்டுவிட்டு ரத்தம் கசிகிறது என்று வந்தவரின் ஸ்டேப்ளர் கோட்டில், பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஓர் ஊசியும் அதைச் சுற்றிச் சிவந்த சதைமொட்டும் தெரிந்தன. இந்த ஊசிகளில் பல தாமாகவே உதிர்ந்து மலத்தோடு போய்விடும். சில ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். தங்குவதால் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. ஊசியை இடுக்கியால் எடுத்து, மொட்டைத் தீய்த்துவிட்டோம். ரத்தத்துக்குக் காரணம் கண்ணெதிரே கிடைத்துவிட்ட போதும், அவருடைய வயதை எண்ணிக் கொலனோஸ்கோபிக்கும் அனுப்பினேன். பழைய மூல அறுவையின்மேல் பழியைப் போட்டுப் பெருங்குடல் புற்றைத் தவறவிடுவது மன்னிக்க முடியாதது. எம்ஆர்ஐ எடுக்கலாமா என்று அவர் கேட்டார். ஊசிகள் டைட்டானியம், காந்தம் அவற்றை இழுக்காது. ஸ்கேன் எடுக்கும் இடத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும்.

2024 மார்ச் 2, சனி

ஏன் திரும்புகிறது என்பதைப் பற்றிப் பிரிவுக் கூட்டத்தில் நீண்ட விவாதம். கருவியைக் குறைசொல்பவர்களும் கையைக் குறைசொல்பவர்களும் இரு அணிகளாகப் பிரிந்துவிட்டார்கள். இரண்டுக்கும் முன்னால் தேர்வைப் பார்க்க வேண்டும் என்பது என் நிலை.

பழக்கத்தில் இருந்த ஸ்டேப்ளரின் விட்டம் 33 மில்லிமீட்டர். அதன் உறைக்குள் அடங்கும் திசுவுக்கு ஓர் எல்லை உண்டு. சிறிதளவு சரிவுள்ள மூன்றாம் நிலை மூலத்துக்கு அந்த அளவு போதும். சளிச்சவ்வும் சேர்ந்து பெரிதாக வெளித்தள்ளியிருக்கும் நிலையில், உறை நிறைந்த பிறகும் எஞ்சிய தளர்வு கீழேயே தங்கிவிடுகிறது. நான்காம் நிலையில், அதாவது தள்ளினாலும் உள்ளே போகாத மூலத்தில், மேலிருந்து இழுத்தால் ஏறிவிடும் என்ற அடிப்படையே ஆட்டம் காண்கிறது. கூடுதல் திசுவை உள்வாங்கும் பெரிய உறைக் கருவிகள் பின்னர் வந்தது இந்த எல்லையை உணர்ந்துதான். வெளிமூலமும் தோல் மடிப்புகளும் பெரிதாக இருப்பவருக்கு ஸ்டேப்ளர் முதலிலிருந்தே பொருந்தாது. அவற்றை அது தொடுவதே இல்லை. ஆண்டுகள் கழித்து "மூலம் அப்படியே இருக்கிறது" என்று வருபவர்களில் ஒரு பகுதியினர் காட்டுவது அந்தத் தோல் மடிப்பைத்தான்.

கையின் பங்கும் சிறிதல்ல. சுருக்குத் தையலை, ஆசனவாய்க்குள் சளிச்சவ்வும் வலி உணரும் பகுதியும் சந்திக்கும் டென்டேட் கோட்டுக்கு ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் மேலே இட்டால், இணைப்பு அக்கோட்டுக்கு இரண்டு சென்டிமீட்டர் மேலே வந்து அமையும். மிக உயரத்தில் இட்டால் இழுவிசை திண்டுகளை எட்டாது. சரிவு விரைவில் திரும்பும். தாழ்வாக இட்டால் வலி உணரும் பகுதிக்கு அருகே ஊசிகள் விழும். மாதக்கணக்கில் நீடிக்கும் வலிக்கு அது வழி. ஒரு பக்கம் உயரமும் ஒரு பக்கம் தாழ்வுமாக ஓடிய தையல், இந்த இரண்டு கேடுகளையும் ஒரே ஆளுக்குக் கொடுக்க வல்லது. பிப்ரவரி 7ஆம் தேதி படிவத்தில் சேர்த்த இடம் இன்றைய விவாதத்தில் உதவியது என்றாலும், இவ்வளவு குறைவான பேரை வைத்து எதையும் நிறுவ முயல வேண்டாம் என்று நானே சொல்லி நிறுத்தினேன்.

எஞ்சுவது உடலின் போக்கு. தாங்கும் திசு தளர்ந்ததால் வந்த நோயில், ஓர் உயரத்தில் தழும்பு போட்டு நிறுத்துகிறோம்; தழும்புக்குக் கீழே உள்ள திசு தளர்வதை எந்த ஊசியும் தடுக்காது. மலச்சிக்கலும், கழிவறையில் நெடுநேரம் உட்கார்ந்து முக்கும் பழக்கமும் அறுவைக்குப் பிறகும் தொடர்ந்தால், அதே சுமை அதே இடத்தில் மீண்டும் விழுகிறது.

வெட்டி எடுக்கும் அறுவையைப் பற்றி இளைய மருத்துவர் ஒருவர் புகழ்ந்துகொண்டே போனபோது இடைமறிக்க வேண்டியிருந்தது. அந்த அறுவையில் வாரக்கணக்கில் மலம் கழிப்பதே வேதனை. தோலையும் சவ்வையும் அளவுக்கு மீறி எடுத்துவிட்டால் ஆசனவாய் சுருங்கிப்போகும்; சுருக்குத்தசை காயப்பட்டால் வாயுவும் கசிவும் கட்டுக்கு அடங்காமல் போகும். அவையும் ஆயுள்காலத் தொல்லைகள்தான். ஸ்டேப்ளரின் பக்கம், அரிதானாலும் உயிரையே பறிக்கக்கூடிய இடுப்புக்குழித் தொற்றும், மலக்குடலுக்கும் பெண்ணுறுப்புக்கும் இடையே உண்டாகும் துளையும் பதிவாகியிருக்கின்றன. பெண்களுக்குக் கருவியை இயக்கும் முன் பெண்ணுறுப்பின் பின்சுவர் உள்ளே சிக்கவில்லை என்று விரலால் உறுதிசெய்யாமல் யாரும் கைப்பிடியை அழுத்தக் கூடாது. சாதாரண மூலத்துக்குச் செய்யும் அறுவையில் இப்படியொரு ஆபத்து எவ்வளவு அரிதாக இருந்தாலும் அதற்குத் தனி எடை உண்டு.

2024 மார்ச் 11, திங்கள்

திரும்பி வந்தவர்களுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு இன்று ஒரு பொது வழியை எழுதிவைத்தோம். ரத்தம் மட்டும், அல்லது தானாக உள்ளே போய்விடும் சிறு சரிவு என்றால் நார்ச்சத்து, மலமிளக்கி, தேவைப்பட்டால் திண்டின் அடியில் இறுக்கி அதை உதிரச் செய்யும் ரப்பர் வளையம். ஸ்டேப்ளர் கோடு இருப்பது வளையம் போடத் தடையில்லை. ஒன்றிரண்டு திண்டுகள் மட்டும் பெரிதாக வெளித்தள்ளினால் அவற்றை மட்டும் வெட்டி எடுக்கலாம். முழுச் சுற்றையும் தொட வேண்டியதில்லை என்பதால் வேதனையும் குறையும். மறுபடியும் ஸ்டேப்ளர் போடச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு, முதல் அறுவை வலியில்லாமல் போனதால். புதிய கோடு பழைய கோட்டையும் சேர்த்து எடுத்துவிடாமல் தனியாக விழுந்தால், இரண்டு கோடுகளுக்கும் நடுவே சிக்கும் சவ்வுக்கு ரத்த ஓட்டம் குறைந்து அந்த இடம் சுருங்கிப்போகலாம். எனவே அதை வழக்கமான தெரிவாக வைக்கவில்லை.

பிற்பகலில், இதுவரை அறுவையே செய்துகொள்ளாத மூன்றாம் நிலை நோயாளி ஒருவர், "வலியில்லாத ஆபரேஷன்தான் வேணும்" என்ற முடிவோடு வந்தார். முன்பெல்லாம் இந்த வாக்கியத்தோடு பேச்சு முடிந்து ஒப்புதல் படிவம் வந்துவிடும். இன்று அவரிடம் இரண்டு காலக்கணக்குகளைத் தனித்தனியாகச் சொன்னேன்: முதல் மாதத்தில் ஸ்டேப்ளருக்கு வலி தெளிவாகக் குறைவு, இரண்டாம் ஆண்டிலும் அதற்குப் பிறகும் சதை திரும்பவும், இன்னொரு சிகிச்சை தேவைப்படவும் வாய்ப்பு தெளிவாகக் கூடுதல், சிலருக்கு மல அவசரம் நெடுநாள் நிற்கலாம். வெட்டி எடுத்தால் முதல் மாதம் கடினம், பிறகு திரும்பும் வாய்ப்பு குறைவு. ரப்பர் வளையத்தை முதலில் முயன்றுபார்க்கவும் இடமிருக்கிறது என்றேன். தம் வேலையில் ஒரு மாதம் விடுப்பு எடுக்க இயலாது என்றார். அப்படியானால் வளையத்தில் தொடங்கலாம், பலன் போதாவிட்டால் அடுத்த விடுப்புக்காலத்தில் வெட்டி எடுத்துக்கொள்ளலாம் என்று அவரே ஒரு வரிசையைச் சொன்னார். அதை அவருடைய சொற்களிலேயே கோப்பில் எழுதினேன்.

பின்தொடரும் படிவமும் மாறிவிட்டது. மூன்றாம் மாதம் பரிசோதனை கட்டாயம். முதல், மூன்றாம், ஐந்தாம் ஆண்டுகளில் தொலைபேசி. "மூலம் திரும்பியதா?" என்ற கேள்வியை நீக்கிவிட்டு, கையால் தள்ள வேண்டியிருக்கிறதா, துணியில் கறை படுகிறதா, எவ்வளவு நேரம் அடக்க முடிகிறது, வேறெங்காவது சிகிச்சை எடுத்தீர்களா என்று நான்கு கேள்விகளை அந்த இடத்தில் வைத்தோம். தொலைபேசியில் கேட்கும் பொறுப்பைச் செவிலியர் ஏற்றுக்கொண்டார்; அறுவை செய்த மருத்துவரே கேட்டால், நன்றாக இருக்கிறது என்றுதான் பலர் சொல்வார்கள் என்று அவர் காட்டிய காரணத்துக்கு எங்களில் யாரிடமும் மறுப்பு இருக்கவில்லை.